யாரும் பார்க்காத நேரம்



சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களில் விடிந்ததும் பெரியவர்கள் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். சாயங்காலம் பள்ளி விட்டு வந்து லயத்து வீட்டின் பூட்டைத் திறப்பது பல வீடுகளில் பிள்ளைதான். தம்பிக்குச் சோறு போட்ட பிறகு தான் சாப்பிடுகிறதா, குடத்தில் தண்ணீர் பிடித்து வைக்கிறதா? பார்க்க ஆளில்லை. குணம் வெளிப்படுவது அந்த நேரத்தில்தான்.

சின்னப் பிள்ளையானாலும் எப்படிப்பட்டது என்பதை அது செய்கிற காரியமே சொல்லிவிடும் என்கிறது நீதிமொழிகள் 20:11. ‘விளையும் பயிர் முளையிலே’ என்று நாம் நாளைய விளைச்சலைக் கணக்குப் போடுகிறோம். அந்த வசனத்தில் சாலொமோன் பார்க்கச் சொல்வது இன்றைய செய்கையை.

சிறுவன் சாமுவேலைப் பாருங்கள். அவன் தாய் அன்னாள் வருஷத்துக்கு ஒருமுறை சின்னச் சட்டை தைத்துக்கொண்டு, அவன் இருந்த சீலோ ஆலயத்துக்கு வருவாள். மற்ற நாட்களில் அம்மா பக்கத்தில் இல்லை. ஒரு ராத்திரி தன்னைக் கூப்பிடும் சத்தம் கேட்டு, முகம் சுளிக்காமல் மூன்று முறை ஆசாரியர் ஏலியிடம் ஓடுகிறான். கூப்பிட்டவர் கர்த்தர் என்று தெரிந்த பின்பும் காலையில் அவன் செய்தது என்ன? வழக்கம்போல் ஆலயக் கதவுகளைத் திறந்தான். தாவீதும் அப்படித்தான். கோலியாத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். போர்க்களத்திலிருந்த அண்ணன்மாருக்கு அப்பம் கொண்டுபோகுமுன் ஆடுகளை ஒரு காவலாளனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனானே, அதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

2022 அக்டோபரில் சாந்தன்பாறை கள்ளிப்பாறையில் குறிஞ்சி பூத்தபோது கூட்டம் மலையேறியது. பறிக்கக் கூடாது என்று எச்சரித்தும் பறித்த பெரியவர்கள் உண்டு. ஒவ்வொரு செடிக்கும் காவல் போட முடியுமா? பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் செடியைத் தொடாமல் பார்த்துவிட்டு, காலித் தண்ணீர் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குகிற பிள்ளைக்கு எந்தப் பரீட்சையிலும் மார்க் கிடையாது. வீட்டில் நாம்தான் போட வேண்டும்.

கவனிப்பது என்றால் குற்றம் தேடுவது அல்ல. ஒரு பொய் சொன்னதற்காகப் ‘பொய்யன்’ என்று பட்டம் கட்டுவதும் அல்ல. கண்டும் காணாமல் விடுவதும் சரியில்லை. தன் பிள்ளைகள் செய்த அக்கிரமம் ஏலிக்குத் தெரியும். புத்தி சொன்னார், அதோடு விட்டார், தடுத்து நிறுத்தவில்லை.

ஆகவே, “இன்னைக்கு எத்தனை மார்க்?” என்று கேட்குமுன், “தம்பிக்குச் சோறு போட்டியே, நல்ல காரியம் பண்ணின” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். தப்பு செய்திருந்தால், அந்தத் தப்பை மட்டும் அன்றைக்கே திருத்துங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
ஆசிரியர்