பால் வடிச்ச கேக்டஸ்!

செமஸ்டர் லீவுல முள்செடி வளர்க்கக் கிளம்பி, கண் எரிச்சலோட ஆஸ்பத்திரிக்கு ஓடின கதை தெரியுமா? நம்ம கதைதான்!

நர்சரியில ரெண்டு தொட்டி வாங்கினேன். ரெண்டுமே ‘கேக்டஸ்’னுதான் கொடுத்தாங்க. ஒண்ணு ஒல்லிக்குச்சியா வளர, கிளையை வெட்டினேன். பால் சொட்டுச்சு. அதே கையால கண்ணைக் கசக்கினேன். அவ்ளோதான்! தண்ணியில அலசிக்கிட்டே ஓடினா, டாக்டரோட முதல் கேள்வி: "என்ன செடி?" திருதிருன்னு முழிச்சேன்.

அது கேக்டஸே இல்லை பாஸ். நம்ம சதுரக்கள்ளியோட சொந்தம், யூஃபோர்பியா. தமிழ்ல ரெண்டையும் ‘கள்ளி’ன்னே கூப்பிடறோம், அதான் குழப்பம். சதுரக்கள்ளி இந்த மண்ணோடது. வேலியோரம் நிற்கும் சப்பாத்திக்கள்ளிதான் நிஜ கேக்டஸ். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளி!

கண்டுபிடிக்க ஒரு லென்ஸ் போதும். முள் முளைக்கிற இடத்துல பஞ்சு வச்ச மாதிரி குட்டி மெத்தை இருக்கா? அதுக்குப் பேர் ஏரியோல். இருந்தா கேக்டஸ். யூஃபோர்பியாவில் அது கிடையாது. சதுரக்கள்ளியில முள் ஜோடி ஜோடியா நிற்கும். பாலை மட்டும் வச்சுத் தீர்ப்பு சொல்லிடாதீங்க. மாமில்லேரியாங்கற அசல் கேக்டஸ்லயே சில வகைக்குப் பால் உண்டு.

அடையாளம் தப்பினதுல வெள்ளைக்காரனே ஏமாந்திருக்கான். 1795-ல, சிவப்புச் சாயம் தர்ற காச்சினீல் பூச்சின்னு நம்பி, பிரேசில் பூச்சி ஒண்ணை இந்தியாவுக்குக் கொண்டு வந்தாங்க. அது வேற இனம். நல்ல சாயம் கிடைக்கலை. ஆனா ஒரு வகைக் கள்ளியைத் தின்னே தீர்த்துடுச்சு. நம்ம வேலியோர வகையை அடக்கறதுக்கு, 1926-ல இலங்கையிலிருந்து இன்னொரு இனப் பூச்சியை வரவழைக்க வேண்டியதாச்சு!

வளர்க்கறது ஈஸி. அடியில ஓட்டை உள்ள தொட்டி, பெருமணல் கலந்த மண், நல்ல வெயில். மண் முழுசா காய்ஞ்சா மட்டும் தண்ணி. பாசத்துல தினமும் ஊத்தினா அழுகிடும். எனக்கு நாலு செடி போச்சு.

இப்போ ஒவ்வொரு தொட்டியிலயும் ஐஸ் குச்சியில பேரும், வாங்கின தேதியும் எழுதி வச்சிருக்கேன். ஒரு குச்சி மட்டும் காலி. ஏரியோல் இருக்கு, கேக்டஸ்தான். என்ன வகைன்னு பூவைப் பார்த்தாதான் சொல்ல முடியும். மூணு வருஷமா காத்திருக்கேன். இன்னும் பூக்கலை!