அம்மா சொல்லாமல் வைத்த கடிதங்கள்

சகோதரிகளே, முதலில் ஒரு கேள்வி. வீட்டில் அடுப்பு எரிந்து இரண்டு நாளாகிறது. குளிர்காலம் வேறு வந்துவிட்டது. யாரோ நாலு பெண்கள் வந்து, "உங்கள் ஏழு வயதுப் பிள்ளையை ஆறு மாதம் எங்களிடம் கொடுங்கள். ரயிலில் அழைத்துப் போய், ஒரு நல்ல வீட்டில் விட்டு, சாப்பாடு போட்டுப் படிக்கவும் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறோம்" என்கிறார்கள். அந்த நல்ல வீடு யாருடையது என்று உங்களுக்குத் தெரியாது. கொடுப்பீர்களா?

"ஐயையோ, மாட்டவே மாட்டேன்! கஞ்சியோ கூழோ, என்னோடேயே கிடக்கட்டும்" என்றுதான் நம்மில் பாதிப் பேர் சொல்வோம். ஆனால் இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, இத்தாலியில் ஆயிரக்கணக்கான தாய்மார்கள் இதற்குச் சம்மதித்தார்கள். அப்படிச் சம்மதித்த ஒரு தாயையும், அவள் மகனையும் பற்றிய நாவலைத்தான் இந்த முறை உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நாவலின் பெயர் "குழந்தைகளின் ரயில்". எழுதியவர் வயோலா அர்தோனே என்ற பெண்மணி. நேப்பிள்ஸ் ஊர்க்காரர், பள்ளிக்கூட ஆசிரியை. 2019-ல் இத்தாலிய மொழியில் வெளிவந்தது. 2021-ல் இங்கிலீஷில் வந்தது. 2024-ல் சினிமாவாகவும் எடுத்துவிட்டார்கள். கதை மாந்தர்கள் கற்பனைதான். ஆனால் அந்த ரயில் நிஜமாகவே ஓடியது. அதை முதலில் சொல்லிவிட்டால் கதை நன்றாகப் புரியும்.

ரயில் ஓடிய கதை

யுத்தத்தில் நேப்பிள்ஸ் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. விமானங்கள் குண்டு போட்டுப் போட்டு ஊரே இடிந்து கிடந்தது. 1943 செப்டம்பர் கடைசியில் ஜனங்களே தெருவில் இறங்கி நாலு நாள் சண்டை போட்டு ஜெர்மன்காரர்களை விரட்டினார்கள். அந்தக் குளிர்காலத்தில் விஷக்காய்ச்சல் பரவி, பேன் சாக ஜனங்களின் மேல் டி.டி.டி. பவுடரைத் தூவினார்கள். அது ஓய்ந்தது என்று பார்த்தால், 1944 மார்ச்சில் பக்கத்திலிருந்த வெசூவியஸ் எரிமலை வெடித்தது! ஏழைகள் இருந்தது தெரு மட்டத்து ஒற்றை அறைகளில். ஜன்னல் கிடையாது, கதவைத் திறந்தால்தான் வெளிச்சம். அதற்குள்ளேயே சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு எல்லாம்.

நேப்பிள்ஸுக்கும் ரோமுக்கும் நடுவே காசினோ என்று ஓர் ஊர். 1944 ஜனவரியிலிருந்து மே வரை நடந்த சண்டையில் அது தரைமட்டமாயிற்று. நம் இந்தியச் சிப்பாய்களும் அங்கே போரிட்டு மாண்டார்கள். காசினோ யுத்தக் கல்லறையில் அவர்களுக்கும் இடம் உண்டு.

யுத்தம் 1945-ல் முடிந்தது. பசி முடியவில்லை. அப்போது இத்தாலியப் பெண்கள் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு யோசனை செய்தார்கள். முன்னால் நின்றவர் தெரேசா நோச்சே. நாஜிகளின் ராவன்ஸ்ப்ரூக் சிறை முகாமில் அடைபட்டு உயிரோடு திரும்பி வந்த பெண்மணி. "பட்டினி கிடக்கும் குழந்தைகளை, நிலமும் விளைச்சலும் உள்ள ஊர்களுக்குக் குளிர்காலம் முடியும்வரை அனுப்பி வைத்தால் என்ன?" என்று கேட்டார். வடக்கே எமிலியா பகுதியில் குடியானவர்களும் தொழிலாளர்களும், "நாங்கள் இரண்டு வேளை சாப்பிடுவதில் இன்னொரு தட்டு வைத்தால் குறைந்தா போய்விடுவோம்?" என்று முன்வந்தார்கள். 1945 டிசம்பரில் மிலான் பக்கத்துக் குழந்தைகளோடு முதல் ரயில் கிளம்பியது. பிறகு காசினோ, ரோம், நேப்பிள்ஸ் என்று தெற்கேயும் பரவியது. 1952 வரை ஏறக்குறைய 70,000 குழந்தைகள் இப்படிப் போய் வந்தார்கள். "சந்தோஷ ரயில்கள்" என்று அவற்றுக்குப் பெயர்.

இந்தப் பெண்கள் சாமானியர்கள் அல்ல. 1946 ஜூன் 2-ஆம் தேதிதான் இத்தாலியப் பெண்கள் முதல் முறையாகத் தேசிய அளவில் ஓட்டுப் போட்டார்கள். அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட அரசியல் நிர்ணய சபையில் பெண்கள் 21 பேர். தெரேசா நோச்சேயும் ஒருவர். 1950-ல் வேலைக்குப் போகும் தாய்மார்களுக்குப் பிரசவ காலப் பாதுகாப்பு தரும் சட்டம் வந்ததே, அதற்குப் பாடுபட்டவரும் அவர்தான்.

ஆனால் ரயிலைப் பற்றி வதந்திகளுக்குக் குறைவில்லை. பெண்கள் சங்கத்துக்குக் கம்யூனிஸ்டுகளோடு தொடர்பு என்பதால், "பிள்ளைகளை ரஷ்யாவுக்குக் கடத்துகிறார்கள்", "கையை வெட்டிவிடுவார்கள்", "அடுப்பில் போட்டு வேக வைப்பார்கள்" என்றெல்லாம் ஊரில் பேச்சு. போன இடத்தில் ரொட்டி அடுப்பைப் பார்த்ததும் சில குழந்தைகள் அலறி அழுதனவாம்! அதையும் மீறிப் பிள்ளையை ரயிலேற்றிய தாயின் மனசு எப்படி இருந்திருக்கும், பாருங்கள்.

அமெரிகோவும் அவன் அம்மாவும்

இனி நாவல். 1946. அமெரிகோவுக்கு ஏழு வயது. அப்பா அமெரிக்காவுக்குச் சம்பாதிக்கப் போயிருப்பதாகச் சொல்கிறார்கள், அவன் பார்த்ததில்லை. அண்ணன் ஒருவன் இருந்து செத்துப் போனான். அம்மா அந்தோனியெத்தாவும் இவனும்தான். இவன் தெருத்தெருவாகப் பழந்துணி பொறுக்கி வருவான். அவள் துவைத்துத் தைத்து விற்பாள்.

பையன் போகிறவர் வருகிறவர் முகத்தைப் பார்க்க மாட்டான், காலைப் பார்ப்பான். ஓட்டையில்லாத ஷூ என்றால் இத்தனை மார்க் என்று மனசுக்குள் கணக்குப் போடுவான். அவனுக்கு வாய்ப்பதெல்லாம் யாரோ போட்டுக் கழித்த ஷூக்கள். எல்லாமே காலைக் கடிக்கும். முதல் புது ஷூ ரயிலேறும்போதுதான் கிடைக்கிறது.

அம்மா கொஞ்சத் தெரியாதவள். கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்துப் பழக்கமில்லை. வழியனுப்பும்போதும் ஒரு ஆப்பிளைக் கையில் திணிக்கிறாள், அவ்வளவுதான். ரயில் நகர்கிற நேரத்தில் குழந்தைகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? சங்கத்தார் கொடுத்த புதுக் கோட்டுகளைக் கழற்றி ஜன்னல் வழியே அம்மாக்களிடம் வீசி எறிகிறார்கள். வீட்டில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஆகட்டுமே என்று! இது கதைக்காகச் சேர்த்ததல்ல. உண்மையிலேயே இப்படி நடந்திருக்கிறது. படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மோதெனா என்ற ஊரில் அவனை டெர்னா என்ற கல்யாணமாகாத பெண் அழைத்துப் போகிறாள். அவளுடைய உறவுக்காரி ரோஸா, ரோஸாவின் கணவர் அல்சீதே, அவர்களுக்கு மூன்று பிள்ளைகள்: ரிவோ, லூட்சியோ, நாரியோ. மூன்றையும் சேர்த்துச் சொன்னால் இத்தாலிய மொழியில் "புரட்சிக்காரன்" என்று வருமாம்! வீட்டில் பசு, மாவு, வெண்ணெய், எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் மேஜை. பள்ளிக்கூடமும் உண்டு. இசைக் கருவிகளைச் செப்பனிடும் அல்சீதே, பையனின் ஆசையைப் பார்த்து அவன் பிறந்த நாளுக்குத் தம் கையாலேயே ஒரு சின்ன வயலின் செய்து, உள்ளே அவன் பெயரையும் போட்டுக் கொடுக்கிறார். "இது என்னுடையது" என்று அவன் சொல்லிக்கொள்ளக் கிடைத்த முதல் பொருள்.

திரும்பி வந்த பிறகு

இங்கேதான் நாவல் நம்மைப் பிடித்துக்கொள்கிறது. ஆறு மாதம் கழிந்து பையன் நேப்பிள்ஸுக்குத் திரும்புகிறான். சதை போட்டிருக்கிறான். ஆனால் அதே ஒற்றை அறை இப்போது சின்னதாகத் தெரிகிறது. "டெர்னா வீட்டில் அப்படி, ரோஸா வீட்டில் இப்படி" என்று வாயைத் திறந்தால் அங்கத்துப் பேச்சு. பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? அவனைச் செருப்புத் தைப்பவரிடம் வேலைக்கு விடுகிறாள். வயலினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறாள்.

நாளாகிறது. மோதெனாவிலிருந்து ஒரு வரிகூட வரவில்லை. "அவர்களும் என்னை மறந்துவிட்டார்கள்" என்று பையன் உள்ளுக்குள் நொந்து போகிறான். ஒருநாள் உண்மை தெரிகிறது. கடிதங்களும் வந்திருக்கின்றன, தின்பண்டப் பொட்டலங்களும் வந்திருக்கின்றன. அம்மாவுக்குத் தெரியும், அவனிடம் மூச்சு விடவில்லை. ஓடிப் போய்க் கட்டிலுக்கு அடியில் பார்த்தால் வயலினும் இல்லை. அடகுக்குப் போய்விட்டது. அந்த எட்டு வயதுப் பையன் நேரே ஸ்டேஷனுக்குப் போய், தனியாக வடக்கே போகும் ரயிலில் ஏறிவிடுகிறான்.

அதன் பிறகு 1994. பேர்பெற்ற வயலின் வித்வானாகி, ஐம்பது வயது தாண்டிய அமெரிகோ, அம்மாவின் சாவுக்கு ஊர் திரும்புகிறான். இத்தனை வருஷம் பேசாமல் விட்டதையெல்லாம் இனி யாரிடம் கேட்பான்? அந்த அறையில் அவனுக்கு என்ன தெரிய வருகிறது என்பதை நான் சொல்ல மாட்டேன். நீங்களே படியுங்கள்.

அவள் செய்தது சரியா?

அந்தோனியெத்தாவைக் கல்நெஞ்சக்காரி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. வதந்திக்குப் பயப்படாமல் பிள்ளையைப் பசியிலிருந்து காப்பாற்ற அனுப்பியவள் அவள்தானே! அனுப்பியது அன்பினால். ஒளித்ததும் அன்பினால்தான் என்று எனக்குப் படுகிறது. ஒவ்வொரு கடிதமும் "நீ கொடுக்க முடியாததை நாங்கள் கொடுக்கிறோம்" என்று அவளைப் பார்த்துச் சொல்வது போல இருந்திருக்கும். "எங்கே பிள்ளை அவர்களோடேயே போய்விடுவானோ" என்ற பயம். கடைசியில் அந்தப் பயத்தால் செய்த காரியமே பிள்ளையைப் போக வைத்தது.

இதே நேப்பிள்ஸில், இதே 1946-ல், எத்வார்தோ தெ பிலிப்போ என்ற பெரிய நாடகாசிரியர் "பிலுமேனா மார்த்துரானோ" என்று ஒரு நாடகம் போட்டார். சோபியா லோரன் நடித்து 1964-ல் "மேரேஜ் இத்தாலியன் ஸ்டைல்" என்ற படமாகவும் வந்தது. அதில் வரும் தாய்க்கும் ஒரு ரகசியம் உண்டு. அவளுக்கு மூன்று பையன்கள். அதில் ஒருவன்தான் அவளைக் கட்டிக்கொண்டவனின் மகன். எவன் என்று அவன் தலைகீழாக நின்று கேட்டும் சொல்ல மறுக்கிறாள். சொன்னால் அவன் ஒருவனைத் தூக்கி வைத்துக்கொண்டு மற்ற இருவரைத் தள்ளிவிடுவானே! பிள்ளைகள் மூவரும் தன் மக்கள் என்பதை மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறாள்.

இரண்டு தாயும் ஒரே ஊர், ஒரே வறுமை, இரண்டு பேரும் பிள்ளைக்காகத்தான் வாயை மூடினார்கள். ஆனால் பிலுமேனா மறைத்ததால் மூன்று பிள்ளைகளுக்கும் சம இடம் கிடைத்தது. அந்தோனியெத்தா மறைத்ததால் பிள்ளைக்கு, "என்னை யாருக்குமே வேண்டாம்" என்ற நினைப்புத்தான் மிஞ்சியது. ஒரு விஷயத்தை மறைப்பதா சொல்வதா என்று தடுமாறும்போது, "நான் சும்மா இருந்தால் குழந்தை தானாக என்ன நினைத்துக்கொள்ளும்?" என்று கேட்டுப் பார்த்தால் போதும், பாதி தெளிந்துவிடும்.

யுத்தம் இல்லாவிட்டாலும் எல்லார் வீட்டிலும் கஷ்ட காலம் வரத்தான் செய்கிறது. வேலை போகிறது, நகை அடகுக்குப் போகிறது, குழந்தையைக் கொஞ்ச நாள் உறவினர் வீட்டில் விட வேண்டி வருகிறது. கணக்கு வழக்கெல்லாம் குழந்தையிடம் ஒப்பிக்க வேண்டாம். ஆனால் இரண்டு விஷயம் மட்டும் வாய்விட்டுச் சொல்லிவிடலாம். "இது உன்னால் வந்தது இல்லை" என்பது ஒன்று. "உன்னை வேண்டாம் என்று அனுப்பவில்லை, இன்ன தேதிக்கு வந்து அழைத்துக்கொள்வேன்" என்பது இன்னொன்று. அவனுக்கு என்று வந்த கடிதம், அவன் சேர்த்த காசு, அவன் பெயர் போட்ட பொருள் எதையும் கேட்காமல் எடுக்கக் கூடாது. எடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால், "கண்ணு, அம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை" என்று முன்னாலேயே சொல்லி எடுக்கலாம். அழுவான், கோபித்துக்கொள்வான். ஆனால் வருஷக்கணக்காகப் பேசாமல் இருக்க மாட்டான்.

போன இடத்தில் குழந்தைக்குப் பிடித்துப் போனால் நமக்குச் சுருக்கென்று இருக்கும், உண்மைதான். "அந்த அத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டாளா? நாலு வரி எழுதிப் போடேன்" என்று நாமே சொல்லிவிட்டால், அவன் இரண்டு பேரையும் வைத்துக்கொள்வான்.

புத்தகம் கிடைத்தால் மத்தியானத் தூக்கத்தை இரண்டு நாள் தள்ளி வைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். கையோடு ஒரு கைக்குட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இதழில் வேறொரு புத்தகத்தோடு வருகிறேன்.