சென்னையை விற்ற கடற்போர்

1746 சூலை 6-ஆம் நாள் மாலை, நாகைக் கடலில் ஆங்கிலப் பாய்மரக் கலங்களும் பிரெஞ்சுக் கலங்களும் குண்டுமழை பொழிந்துகொண்டன. இருட்டியதும் ஓய்ந்த சிறுபோர்; வென்றார் எவருமிலர். எனினும் ஆங்கிலத் தலைவன் பெய்ட்டன் திருக்கோணமலைக்கு நழுவினான். காப்பாரற்ற சென்னையை இலபூர்தொன்னே என்னும் பிரெஞ்சியன் மூன்று திங்களுக்குள் கைப்பற்றினான்.

1748-இல் ஐரோப்பாவில் ஓர் உடன்படிக்கை. வட அமெரிக்காவில் தாம் இழந்த இலூயிசுபர்க்குக் கோட்டையை மீளப்பெற்று, பிரெஞ்சியர் சென்னையை விட்டுக்கொடுத்தனர். எங்கோ பனிக்கடலோரத்துக் கோட்டைக்குத் தமிழ்நகர் ஈடாம்! தமிழனை ஒரு சொல் கேட்டார் உண்டா?

சோழர் கலஞ்செலுத்திய நாகைத் துறையும் அன்று ஒல்லாந்தர் கையில்! இத்தனையும் நடந்த போருக்குப் பாடநூல்கள் தரும் பெயரோ 'முதற் கருநாடகப் போர்'. அயலான் இட்ட அப்பெயரைத் தமிழ்ப்பிள்ளை இன்னும் ஏன் உருப்போட வேண்டும்? 'தமிழ்க்கரைப் போர்' எனத் திருத்தி அச்சிடுக.