முட்டைப் பெட்டியும் வெப்பமானியும்

வளர்ப்புப் பாம்பு முட்டையிட்டதும், அடைகாப்புக் கருவி இல்லையே எனப் பதறுவோர் இந்திய நகரங்களில் உள்ளனர். அப்பதற்றம் தேவையற்றது. பாம்பு முட்டை கோழி முட்டையன்று. அதனைப் புரட்டிவிடும் பொறி வேண்டுவதில்லை. புரட்டுவதே கேடு. கரு முட்டையின் மேற்புறத் தோலை ஒட்டி வளர்வதால், மேற்பக்கத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு முட்டையை இட்ட நிலையிலேயே வைத்திருத்தல் வேண்டும். மூடியுள்ள நெகிழிப் பெட்டி, நனைத்துப் பிழிந்த வெர்மிகுலைட் அல்லது தென்னைநார்த் துகள், அதனைச் சூழ ஒரு தெர்மோகோல் பெட்டி ஆகியவையே பெரும்பாலும் போதும். கார்ன் ஸ்னேக் முட்டைக்கு ஏறத்தாழ 26 முதல் 29 டிகிரி செல்சியஸ். பால் பைத்தானுக்கு 31, 32. இரண்டும் ஏறக்குறைய 2 மாதங்களில் பொரிக்கும்.

ஆயினும் குட்டிகள் முட்டைக்குள்ளேயே மடிகின்றன. சில முதுகெலும்பு வளைந்து பிறக்கின்றன. பழி கருவியின் இன்மைமேல் விழுகிறது. உண்மையில் குறைவது அளவீடே. தில்லியின் மே மாத மாடியறை பகலில் 40 டிகிரியை நெருங்கும். குளிரூட்டி ஓடும் இரவில் 24க்கு இறங்கும். பெட்டியைக் கையால் தொட்டு 'இளஞ்சூடுதான்' எனத் தீர்ப்பளிப்பவருக்கு இந்த ஏற்ற இறக்கம் தெரிவதேயில்லை. பர்மிய மலைப்பாம்புத் தாய் தசைகளைத் துடிக்கச் செய்து, சுற்றுப்புறத்தைவிடப் பல டிகிரி மிகுந்த வெப்பத்தில் முட்டைகளைக் காப்பதை 1966ஆம் ஆண்டிலேயே நியூயார்க் விலங்கியல் பூங்காவில் அளந்து காட்டினர். அத்தாய் தன் உடலால் செய்யும் கட்டுப்பாட்டை, சில நூறு ரூபாய் வெப்பமானியும் ஒரு குறிப்பேடும் இன்றி வெறும் பெட்டி எவ்வாறு செய்யும்? விலையுயர்ந்த கருவி வாங்கியோரும் அதன் திரையில் தெரியும் எண்ணை அப்படியே நம்புகின்றனர். முட்டையருகே தனியே அளந்து பார்ப்போர் அரியர்.

குறிப்பேட்டுக்கு வேறொரு காரணமும் உண்டு. பால் பைத்தான் சைட்ஸ் உடன்படிக்கையின் 2ஆம் பட்டியலில் உள்ள இனம். 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அதன் உடைமையை மட்டுமன்றிக் குட்டிகளின் பிறப்பையும் அரசுத் தளத்தில் தெரிவித்தாக வேண்டும். இட்ட முட்டை எத்தனை, பொரித்தவை எத்தனை என்று எழுதி வைக்காதவர் அங்கே எதைத் தெரிவிப்பார்?

நல்ல பாம்பு, சாரை போன்ற உள்நாட்டு இனங்களின் முட்டைகளுக்கு இப்பெட்டி பொருந்தாது. அவை 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. வீட்டுச் சுவரிடுக்கில் கண்டெடுத்தாலும் வனத்துறைக்கே தெரிவிக்க வேண்டும்.