நழுவும் முழங்கால் சில்லு



இந்த வாரம் நான் எழுதப்போகும் பொருள் சிலருக்குப் புன்னகையை வரவழைக்கலாம். நம் சபையார் வீடுகளுக்கு ஜெபிக்கச் செல்லும்போது வாசலில் முதலில் வரவேற்பது பல வேளைகளில் ஒரு வெள்ளைப் பொமரேனியன்தான். அவற்றுள் சில நாலு அடி ஓடியதும் பின்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் துள்ளுகின்றன. பிறகு அந்தக் காலைப் பின்புறமாக ஒருமுறை உதறி நீட்டிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் ஓடிவருகின்றன. "டான்ஸ் ஆடுகிறது பாருங்கள் ஐயா" என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அது ஆட்டம் அன்று. முழங்கால் சில்லு தன் இடத்தைவிட்டு நழுவி, மறுபடி இடத்தில் வந்து விழுகிறது.

நாயின் தொடை எலும்பின் கீழ்முனையில் ஒரு பள்ளம் உண்டு. கால் மடங்கி நீளும்போது சில்லு அந்தப் பள்ளத்தில்தான் மேலும் கீழும் ஓட வேண்டும். பொமரேனியன், சிவாவா, மால்டீஸ், டாய் பூடில் போன்ற சிற்றின நாய்களில் பலவற்றுக்குப் பிறவியிலேயே எலும்பின் அமைப்பு கோணலாக வளர்வதால், பள்ளம் ஆழமில்லாமல் போகிறது. சில்லும் பெரும்பாலும் உட்புறமாகச் சரிகிறது. ஒரு காலில் இருந்தால் மறு காலிலும் இருப்பது வழக்கம். ஆகவே, "மாடிப்படியில் விழுந்ததால் வந்தது" என்று வீட்டுப் பிள்ளையைக் கடிந்துகொள்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். பெரும்பாலும் விழுவதற்கு முன்பே குறை இருந்திருக்கும்.

மருத்துவர்கள் இதை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் கையால் தள்ளினால்தான் சில்லு நழுவும். விட்டவுடன் தானே திரும்பிவிடும். இரண்டாம் நிலையில் அவ்வப்போது தானாக நழுவும். மேலே சொன்ன துள்ளல் அப்போதுதான் தென்படும். மூன்றாம் நிலையில் சில்லு பெரும்பாலும் இடம்விட்டே இருக்கும். கையால் திருப்பி வைத்தாலும் நிலைக்காது. நான்காவதில் திருப்பி வைக்கவே இயலாது. கடைசி இரண்டு நிலைகளுக்கும், அடிக்கடி நொண்டும் இரண்டாம் நிலைக்கும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைப்பார்கள். பள்ளத்தை ஆழப்படுத்தி, தசைநார் பற்றியிருக்கும் எலும்பு முனையை நேர்ப்படுத்தித் தைப்பது எலும்பு அறுவையில் தேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை. அதற்குச் சென்னை வேப்பேரியில் 1903ஆம் ஆண்டுமுதல் இயங்கிவரும் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய இடங்களுக்குத்தான் போகவேண்டி வரும். திருவண்ணாமலையிலிருந்து அது ஏறக்குறைய ஒரு நாள் பயணம். எனவே கேள்விப்பட்டவுடன் பயந்து ஓடவும் வேண்டாம், அலட்சியமாக விடவும் வேண்டாம். முதலில் உள்ளூர் மருத்துவரிடம், "இது எத்தனையாவது நிலை?" என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள். முதல் இரண்டு நிலைகளில் உள்ள நாய்களில் பல, கத்தியே படாமல் முதுமைவரை நலமாக வாழ்கின்றன.

ஆனால் அப்படி வாழ்வதற்கு வீட்டார் மனது வைக்க வேண்டும். இங்கேதான் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நாம் அன்பைச் சோற்றால் அளக்கிறவர்கள். நொண்டும் நாயைக் கண்டால் இரக்கம் மேலிட்டு, தட்டில் இன்னும் ஒரு பிடி இடுகிறோம். தேநீர் வேளையில் இரண்டு பிஸ்கட்டும் போடுகிறோம். ஐந்து கிலோ இருக்கவேண்டிய நாய் ஏழு கிலோ ஆகிவிடுகிறது. "இரண்டு கிலோதானே" என்று தோன்றும். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் எண்பத்துநான்கு கிலோவாக ஆவதற்கு அது சமம். அந்தப் பாரம் முழுவதையும் தாங்குவது ஏற்கெனவே தளர்ந்த மூட்டு. ஆண்டுகள் செல்லச்செல்ல உள்ளே தேய்மானம் உண்டாகிறது, சில நாய்களுக்கு மூட்டின் தசைநாரே அறுந்துபோகிறது. மெலிந்த நாயைப் பார்த்து, "பாஸ்டர் வீட்டில்கூடப் பட்டினி போடுகிறார்கள்" என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியாமல், கைக்குத் தட்டுப்படும் அளவில் இருப்பதே சரியான உடல்.

வலி தெரிகிறதே என்று நம் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்துவிடாதீர்கள். நமக்கு எழுதித்தந்த ஐபுபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் குடலில் புண்ணையும் சிறுநீரகத்துக்குக் கேட்டையும் உண்டாக்கும்.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. "ஒருமுறையாவது குட்டி போடட்டும், பாவம்" என்கிற வழக்கத்தைச் சொல்கிறேன். பொமரேனியன் ஆதியில் இவ்வளவு சிறிதாக இருந்ததில்லை. 1888இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் விக்டோரியா மகாராணி மார்க்கோ என்னும் சிறிய நாயை விரும்பி வாங்கிய பின்பே சிறிய உருவம் நாகரிகமாயிற்று. மனிதருடைய ஆசைக்காகச் சுருக்கப்பட்ட உடல் அது. அதன் குறையையும் பெருக்குவது மனிதருடைய கைதான். இந்தக் கோளாறு தலைமுறை வழியாக இறங்குகிறது. சில்லு நழுவும் நாயை இணைசேர்த்து, குட்டிகளை ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்பது, தெரிந்தே ஒருவர் வீட்டுக்கு வேதனையை அனுப்புவதாகும். 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள், நாய்களை வளர்த்து விற்போர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கின்றன. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கவும் தடை விதிக்கின்றன. வாட்ஸப்பில் படம் பார்த்துக் குட்டி வாங்கும் நம்மில் எத்தனை பேர் தாய் நாயின் நடையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம்?

இனி, விட்டுவிடுவதைப் பற்றி. கால் சரியில்லை என்று தெரிந்ததும் கிரிவலப் பாதையோரம் இறக்கிவிட்டு வருகிறவர்கள் உண்டு. அங்கே சோறு கிடைக்கும் என்று தங்களுக்கே சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். வீட்டுக்குள் வளர்ந்த மூன்று கால் நாய் தெருநாய்க் கூட்டத்தின் நடுவே ஓர் இரவைக் கடப்பது எவ்வளவு கடினம் என்று அவர்கள் நினைத்துப்பார்ப்பதில்லை. அதே பாதையில் உள்ள ரமணாசிரமத்துக்குச் சென்றால், 1948இல் மறைந்த லட்சுமி என்னும் பசுவின் சமாதிக்கு அருகில் ஜாக்கி என்னும் நாய்க்கும் ஒரு சமாதி இருப்பதைக் காணலாம். நம்முடைய விசுவாசம் வேறு. ஆனாலும் ஒரு நாயைக் கடைசிவரை வைத்திருந்து அடக்கம்பண்ணிய மனிதர்கள் நம் ஊரிலேயே இருந்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்து நாம் சற்று வெட்கப்படலாம்.

நமக்கோ 2 சாமுவேல் ஒன்பதாம் அதிகாரம் உண்டு. ஐந்து வயதில் தாதியின் கையிலிருந்து விழுந்து இரண்டு கால்களும் முடமான மேவிபோசேத், ராஜாவுக்கு முன்பாகத் தன்னைச் செத்த நாய்க்கு ஒப்பிட்டுப் பேசுகிறான். தாவீது அவனைத் தன் பந்தியில் அமர்த்துகிறான். அந்த அதிகாரத்தின் கடைசி வசனத்தைக் கவனியுங்கள். அவன் பந்தியில் இருக்கிறான். கால்களோ முடமாகவே இருக்கின்றன. அங்கே சுகமாக்குதல் நடக்கவில்லை. முடத்தோடுகூட அவனுக்கு இடம் கிடைத்தது.

வீட்டுக்குள் ஓர் இடம் என்பது இந்தச் சிறு உயிருக்கு மிக எளியது. வழவழப்பான டைல்ஸ் தரையில் அதன் கால்கள் பக்கவாட்டில் விரிகின்றன. கட்டிலிலிருந்து குதிக்கும் ஒவ்வொரு முறையும் மூட்டு அதிர்கிறது. படுக்குமிடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம்வரை ஒரு தென்னைநார் விரிப்பைப் போடுங்கள். நகங்களையும் உள்ளங்கால் மயிரையும் வெட்டிவிடுங்கள். சோபாவின் அருகே அகலமான தாழ்ந்த பலகை ஒன்றைச் சரிவாக வையுங்கள். வெயில் ஏறும் முன் மண்தரையில் கால் மணி நேரம் மெதுவாக நடத்திச் செல்லுங்கள். நடுவில் அது நின்று காலை உதறினால், கயிற்றை இழுக்காமல் நீங்களும் நில்லுங்கள். சில்லு இடத்துக்கு வந்ததும் அதுவே நடக்கத் தொடங்கும்.