எறும்புக்கு அழுக்கைப் பழிக்காதீர்கள்

மும்பை தாராவி வீடுகளில் எறும்பு மொய்க்க அங்குள்ளவர்களின் அழுக்கே காரணம், மருந்தடித்தால் தீர்ந்துவிடும் என்று சொல்வது தவறு, அநியாயமும்கூட. விடியுமுன் எழுந்து இட்லி அவித்து, மாட்டுங்கா வரை சுமந்து விற்கும் தமிழ்க் குடும்பங்கள் மாவுப் பாத்திரத்தைக் கழுவாமலா வைத்திருக்கின்றன? ஜூனில் மழை இறங்கியதும் மண்ணுக்குள் புற்று நனைகிறது, எறும்பு மேடேறுகிறது. செம்பூர் அடுக்ககங்களிலும் இதே கதைதான்.

மருந்தடித்தால் கண்ணில் படும் வேலைக்கார எறும்புகள் சாகும். ராணி உள்ளே முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். பல ராணிகள் கொண்ட பாரோ எறும்பு என்றால் கூட்டம் பிரிந்து நாலு இடத்தில் குடியேறும். ஒற்றை அறை வீட்டில் அந்த நஞ்சு சோற்றுப் பானைக்கும் தொட்டிலுக்கும் பக்கத்தில்தான் விழும்.

முதலில் வரிசையைப் பின்தொடர்ந்து விரிசலைக் கண்டுபிடியுங்கள். ஒரு கப் வெந்நீரில் 8 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் போரிக் பவுடரும் கரைத்து, பஞ்சில் நனைத்து, குழந்தைகள் கைக்கு எட்டாதபடி அங்கே வையுங்கள். எறும்பே அதைப் புற்றுக்குக் கொண்டுபோய் ராணிக்கு ஊட்டும். சில நாள் பொறுத்து, வரத்து நின்றபின் விரிசலை சிமெண்டால் அடையுங்கள்.

இதைச் சொல்லிக்கொடுங்கள், உழைப்பவர் வீட்டை அழுக்கென்று பழிப்பதை நிறுத்துங்கள்.