மைனஸ் ஆயிரத்து ஒன்பது!

போன மாதம் ஒரு நாள் காலை அத்தையிடமிருந்து போன். குரலில் பதற்றம்.

“ஏண்டா, பேங்க்ல பணம் மைனஸ்ல போகுமா? என் போன்ல மைனஸ் ஆயிரத்து ஒன்பதுன்னு காட்டுதுடா!”

மகன் கொடுத்த பழைய ஐபோன் அது. திரையில் இருப்பதை அப்படியே வாசிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டி வாசித்தார். ‘என்எஸ்யுஆர்எல் எரர் டொமைன், எரர் -1009.’

“அத்தை, உங்க பணத்துக்கு ஒண்ணும் ஆகலை. நெட் இல்லைன்னு அர்த்தம். பேரன் போனை வாங்கினானா? டேட்டா ஆஃப்ல இருக்கான்னு பாருங்க.”

ஆஃபில்தான் இருந்தது. ஆன் செய்ததும் எல்லாம் சரியாகிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போன். இந்த முறை வேறொரு ஆப். கரன்ட் பில் கட்ட பட்டனை அழுத்தியிருக்கிறார். வட்டம் சுற்றியது. பிறகு ஆப் தானாக மூடிக்கொண்டது. எரரும் இல்லை, எண்ணும் இல்லை. பணம் போகவில்லை என்று நினைத்து மறுபடியும் கட்டினார். இரண்டு முறையும் பணம் போயிருந்தது. ஒன்று திரும்பி வர ஒன்பது நாள் ஆயிற்று.

முதல் ஆப் தோற்றது, ஆனால் ஏன் தோற்றேன் என்று சொன்னது. இரண்டாவது ஆப் வாயைத் திறக்காமல் செத்து விழுந்தது. அந்த இரண்டாவது ஆப்புக்குள் என்ன நடந்தது என்பது அதை எழுதியவர்களுக்குத்தான் வெளிச்சம். ஆனால், எரரைச் சொல்லப் போகிற நேரத்தில் ஆப்பே சாவதற்குப் பேர்போன காரணம் ஒன்று உண்டு. இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

எரருக்கும் விலாசம் உண்டு

ஐபோனிலும் மேக் கணினியிலும் ஒரு வேலை தோற்றால், சிஸ்டம் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறது. அந்தச் சீட்டுக்குப் பெயர் என்எஸ்எரர். முன்னால் இருக்கும் ‘என்எஸ்’ நெக்ஸ்ட்ஸ்டெப் என்ற பெயரிலிருந்து வந்தது. ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளை விட்டு வெளியேறி 1985-ல் தொடங்கிய நெக்ஸ்ட் கம்பெனியின் மென்பொருள் அது. பின்னால் அந்தக் கம்பெனியை ஆப்பிளே வாங்கிக்கொண்டது.

சீட்டில் மூன்று விஷயங்கள் இருக்கும். எந்தத் துறை என்பது ஒன்று. அதைத்தான் ‘டொமைன்’ என்கிறார்கள். எண் இரண்டாவது. மூன்றாவது, நம்மைப் போன்றவர்கள் படிக்கிற மாதிரி விளக்கம்.

துறை எதற்கு என்று கேட்பீர்கள். ஊர் பெயர் சொல்லாமல் “அஞ்சாம் நம்பர் பஸ்ல ஏறு” என்றால் எங்கே போய்ச் சேர்வோம்? அது மாதிரிதான். ‘கோகோ’ என்ற துறையில் 4 என்றால் ஃபைலைக் காணோம். ‘போசிக்ஸ்’ என்ற துறையில் அதே 4 என்றால், செய்துகொண்டிருந்த வேலை நடுவில் தடைபட்டது. துறையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் காட்டுகிற ஆப், பாதித் தகவலைத் தொலைத்துவிட்டது என்று அர்த்தம்.

கடைசி ஆள் விளக்கை அணைக்கவும்

இந்தச் சீட்டு போனின் மெமரியில் ஓர் இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தை எப்போது காலி செய்வது? இங்கேதான் சிக்கல்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது ஹாலை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒரு நோட்டு. உள்ளே போகிறவர் ஒரு கோடு போட வேண்டும், வெளியே வருகிறவர் ஒரு கோட்டை அடிக்க வேண்டும். கோடு எல்லாம் தீர்ந்தால் விளக்கு தானாக அணையும். ஆப்பிளின் ‘கோர் ஃபவுண்டேஷன்’ என்ற அடித்தள நூலகம் இந்தக் கணக்கில்தான் இயங்குகிறது. கோடு போடுவதற்கு ரீடெய்ன், அடிப்பதற்கு ரிலீஸ்.

ஒருவர் கோட்டை அடிக்க மறந்தால் விளக்கு விடிய விடிய எரியும். மெமரி வீணாகும்; ஆப் மெல்ல மெல்லக் கனக்கும். ஒருவர் தவறி இரண்டு கோட்டை அடித்துவிட்டால், உள்ளே ஆள் இருக்கும்போதே விளக்கு அணைந்துவிடும். இது ஆபத்து. காலியான இடத்தில் வேறு ஏதோ தகவல் குடிவந்திருக்கும். ஆப் அதைச் சீட்டு என்று நம்பிப் படிக்கப் போகும். அதிர்ஷ்டம் இருந்தால் ஆப் மூடிக்கொள்ளும். இல்லாவிட்டால், திருடனுக்குக் கதவு திறந்துவிடும்.

பெயருக்குள் விதி

சரி, யார் கோட்டை அடிக்க வேண்டும்? அதற்கு ஆப்பிள் வைத்திருக்கும் விதி எளிது. ஃபங்ஷன் பெயரில் ‘கிரியேட்’ அல்லது ‘காப்பி’ என்று இருந்தால் உங்கள் பெயரில் ஏற்கெனவே ஒரு கோடு போட்டாயிற்று. முடிந்ததும் நீங்கள்தான் அடிக்க வேண்டும். ‘கெட்’ என்று இருந்தால் உங்களுக்குக் கோடு இல்லை. எட்டிப் பார்க்க மட்டும் அனுமதி. நீங்கள் அடித்தால் அது அடுத்தவர் கோடு.

வேடிக்கை என்னவென்றால், ஒரே எரர் சீட்டிலேயே இரண்டு விதியும் இருக்கிறது. துறையின் பெயரைக் கேட்கும் ஃபங்ஷன் ‘சிஎஃப்எரர்கெட்டொமைன்’. விளக்கத்தைக் கேட்கும் ஃபங்ஷன் ‘சிஎஃப்எரர்காப்பிடிஸ்கிரிப்ஷன்’. முதலாவது தருவதைத் தொடக் கூடாது. இரண்டாவது தருவதை ரிலீஸ் செய்தே ஆக வேண்டும். சி மொழியில் இதை எழுதுகிறவர் ஒவ்வொரு இடத்திலும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ராத்திரி 11 மணிக்கு, ஆறின காபியோடு!

இதில் இன்னொரு கஷ்டமும் உண்டு. எல்லாம் ஒழுங்காக நடக்கிற பாதையை ஆயிரம் தடவை சோதித்துப் பார்ப்பார்கள். எரர் வருகிற பாதையில் யாரும் அவ்வளவாக நடப்பதில்லை. அங்கே இருக்கும் குழியில் முதலில் விழுகிறவர், லிஃப்டுக்குள் சிக்னல் போன நேரத்தில் பணம் அனுப்புகிற யாரோ ஒருவர்.

பழுதான லிஃப்டும் ரஸ்ட்டும்

லிஃப்ட் என்றதும் ஒரு கதை. 2006-ல் கனடாவின் வான்கூவரில் கிரேடன் ஹோர் என்ற புரோகிராமர் வீடு திரும்புகிறார். லிஃப்ட் ஓடவில்லை. அதன் மென்பொருள் கிராஷ் ஆகிவிட்டது. அவர் வீடு 21-வது மாடியில்! படி ஏறின எரிச்சலில், இப்படி மெமரியில் தடுக்கி விழாத ஒரு மொழியைத் தானே உருவாக்கத் தொடங்கினார். அதுதான் ரஸ்ட். பிறகு மொசில்லா கைகொடுத்தது. 2015 மே மாதம் 1.0 பதிப்பு வந்தது. ஃபயர்ஃபாக்ஸ், சிக்னல் ஆப்களுக்குள் இன்று ரஸ்ட்டில் எழுதிய பகுதிகள் இருக்கின்றன.

ரஸ்ட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. சொந்தக்காரரின் வேலை முடிகிற இடத்தில் பொருள் தானாகக் காலியாகும். ஆப்பிளின் எரர் சீட்டு கைக்கு வந்ததும் அதை ஓர் உறைக்குள் போட்டுவிடுவார்கள். போடும்போது “இது கிரியேட் விதியா, கெட் விதியா” என்று ஒரே ஒரு முறை சொன்னால் போதும். கெட் என்றால் உறை தனக்கென்று ஒரு கோடு போட்டுக்கொள்ளும். அதன் பிறகு கோட்டை அடிப்பது உறையின் பொறுப்பு. எப்போது அடிப்பது என்பதை கம்பைலரே கணக்கிட்டு வைத்துவிடும். காலியான உறையை நீங்கள் படிக்க முயன்றால், ஆப் உருவாகவே உருவாகாது.

பலனைக் கண்ணால் பார்க்கலாம். ஆண்ட்ராய்டில் கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்புக் குறைகளில், மெமரி தவறுகளால் வந்தவை 2019-ல் 76 சதவிகிதம். புதிய பகுதிகளை ரஸ்ட் போன்ற பாதுகாப்பான மொழிகளில் எழுதத் தொடங்கிய பிறகு, 2024-ல் அது 24 சதவிகிதமாகக் குறைந்தது என்கிறது கூகுள்.

ஆனால், ரஸ்ட் மந்திரக்கோல் இல்லை. சி மொழியில் எழுதிய ஆப்பிள் நூலகத்தைத் தொடும் அந்த ஒரு வாசலில் ‘அன்சேஃப்’ என்று எழுதித்தான் நுழைய முடியும். ‘இங்கே நான் பொறுப்பு’ என்று புரோகிராமர் போடும் கையெழுத்து அது. அங்கே அவர் மூன்றைக் கவனித்தாக வேண்டும். வேலை தோற்றதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் சீட்டைத் தொட வேண்டும். ஜெயித்திருந்தால் அந்த இடத்தில் குப்பைகூடக் கிடக்கலாம். தோற்றிருந்தாலும் சீட்டு நிஜமாகவே வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, விதியைச் சரியாகச் சொல்ல வேண்டும். கெட் விதியில் வந்ததை கிரியேட் என்று சொல்லிவிட்டால், ரஸ்ட்டும் அதை நம்பி அடுத்தவர் கோட்டை அடித்துவிடும். முன்பு ஆயிரம் இடத்தில் பயப்பட வேண்டியிருந்தது. இப்போது ஒரு வாசலில் விழிப்பாக இருந்தால் போதும். லாபம் அதுதான்.

நமக்கு என்ன?

நாம் புரோகிராம் எழுதப் போவதில்லை. ஆனால் மூன்று விஷயம் நமக்கும் உதவும்.

* எரர் வந்தால் எண்ணோடு துறைப் பெயரையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், அல்லது ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அனுப்பும் முன் கணக்கு எண் தெரிகிறதா என்று பாருங்கள்.

* -1009 என்றால் நெட் இல்லை. -1001 என்றால், ஆப் பதிலுக்குக் காத்திருந்து அலுத்துவிட்டது. பதில் வரவில்லை என்பதால், நீங்கள் அனுப்பியதும் போய்ச் சேரவில்லை என்று அர்த்தமில்லை.

* அதனால், பணம் கட்டும்போது ஆப் மூடிக்கொண்டாலோ, -1001 வந்தாலோ, மறுபடி பட்டனை அழுத்தாதீர்கள். முதலில் பேங்க் கணக்கைப் பாருங்கள். இல்லை என்று உறுதியான பிறகே அடுத்த முயற்சி.

அத்தை இப்போது இதை ஒரு சீட்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறார். நேற்றுப் பேசும்போது சொன்னார்: “மைனஸ் ஆயிரத்து ஒன்பது வந்தா பேரனைக் கூப்பிடுவேன். ஒண்ணுமே வரலைன்னா உன்னைக் கூப்பிடுவேன்.”

சரியான பிரிவினைதான். அடுத்த வாரம் சந்திப்போம்!